ஹேக்: ஜெயிலும் உண்டு, பரிசும் உண்டு!

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் உங்கள் காதில் கட்டாயம் வந்து விழும் வார்த்தை 'ஹேக்'. காலையில் பேப்பரைப் பிரித்தால், ஒரு கம்பெனியின் சர்வரை ஹேக் செய்தவர் மீது வழக்கு என்று செய்தி. கல்லூரிக்குப் போகும் மகன், ஹேக்கத்தானில் பரிசு வாங்கினேன் என்று சான்றிதழைக் காட்டுகிறான். யூடியூப்பைத் திறந்தால், பூண்டைச் சுலபமாக உரிக்க 'கிச்சன் ஹேக்' சொல்லித் தருகிறார் ஒரு அம்மா. ஒரே வார்த்தைக்கு ஓரிடத்தில் ஜெயில், ஓரிடத்தில் பரிசு, ஓரிடத்தில் பூண்டு! புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் குழம்பிப் போவதில் ஆச்சரியமே இல்லை.

நான் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீசில் தினமும் இந்த வார்த்தை அடிபடும். அதுவும் மேலே சொன்ன மூன்று அர்த்தங்களிலும் இல்லாமல், நான்காவதாக ஒரு அர்த்தத்தில்! இந்த அர்த்தங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக அல்ல. 'ஹேக்' என்று கேட்டதும் பயந்துபோய், தவறான வேலையைச் செய்து பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்தை நம்பியே பிழைக்கும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். எனவே முதலில் இந்த வார்த்தையின் கதையைப் பார்ப்போம். பிறகு, அது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும்போது என்ன செய்வது என்று பார்ப்போம்.

வெட்டும் பிளேடும் வாடகைக் குதிரையும்

கம்ப்யூட்டர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் ஹேக் என்ற சொல் இருந்தது. கண்டபடி வெட்டுவது என்பது அதன் பழைய அர்த்தம். ஹார்டுவேர் கடையில் இரும்புக் குழாய் அறுக்க 'ஆக்சா பிளேடு' கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அது 'ஹேக்சா' பிளேடுதான். விடாமல் வரும் வறட்டு இருமலையும் ஆங்கிலத்தில் 'ஹேக்கிங் காஃப்' என்பார்கள்.

இன்னொரு ஹேக்கும் உண்டு. இது வேறு குடும்பம். சவாரிக் குதிரைக்கு 'ஹேக்னி' என்று ஒரு பெயர் இருந்தது. வாடகைக்கு விடும் குதிரைக்கும் அதே பெயர். அது சுருங்கி ஹேக் ஆனது. குதிரை போய் வாடகை வண்டி வந்ததும், வண்டிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நியூயார்க்கில் டாக்சியையும் டாக்சி ஓட்டுபவரையும் ஹேக் என்று சொல்லும் வழக்கம் இப்படி வந்ததுதான். வாடகைக் குதிரை போல, காசு கொடுத்தால் எதை வேண்டுமானாலும் எழுதித் தரும் எழுத்தாளரையும் ஹேக் என்று கிண்டல் செய்வார்கள்.

அமெரிக்கர் ஒருவர் 'ஐ காண்ட் ஹேக் இட்' என்று சொன்னால், 'என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை' என்று அர்த்தம். எனவே ஆங்கிலக் கதையிலோ சினிமாவிலோ ஒருவரை ஹேக் என்று திட்டினால், அவர் பாஸ்வேர்ட் திருடியவர் என்று நினைத்துவிடாதீர்கள்!

ரயில் கிளப்பில் பிறந்த ஹேக்

இன்று நாம் பேசும் ஹேக் அமெரிக்காவின் எம்ஐடி கல்லூரியில் வளர்ந்தது. அங்கே மாணவர்கள் சேர்ந்து மாதிரி ரயில்களை ஓட்டும் ஒரு கிளப் நடத்தினார்கள். தண்டவாளங்களுக்குக் கீழே ஏகப்பட்ட ஒயர்கள், சுவிட்சுகள், ரிலேக்கள். அதைக் குடைவதே அவர்களுக்குப் பொழுதுபோக்கு. 1955 ஏப்ரலில் நடந்த ஒரு கூட்டத்தின் குறிப்பில், மின்சார இணைப்பில் 'வேலை செய்பவர்களோ ஹேக் செய்பவர்களோ' ப்யூஸ் போகாமல் இருக்கக் கரண்ட்டை நிறுத்திவிட்டுச் செய்யும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலை என்பது வேறு, ஹேக் என்பது வேறு என்று அப்போதே பிரித்துவிட்டார்கள் பாருங்கள்! 1959-ல் இந்த கிளப்பின் பீட்டர் சாம்சன் என்ற மாணவர், கிளப்பில் புழங்கும் சொற்களைத் தொகுத்து ஒரு சின்ன டிக்ஷனரியே போட்டார். ஹேக்கும் அதில் இருந்தது.

பெரிய பலன் எதையும் எதிர்பார்க்காமல், செய்து பார்க்கும் ஆசைக்காகச் செய்யும் கெட்டிக்காரத்தனமான வேலை. அவர்கள் மனதில் ஹேக் என்றால் இதுதான். 1961-ல் எம்ஐடிக்கு பிடிபி-1 என்ற கம்ப்யூட்டர் வந்தபோது, அதே ஆர்வம் ஒயரிலிருந்து புரோகிராமுக்குத் தாவியது. ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962-ல் அந்தக் கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். இன்று நம் பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் கேம்களின் தாத்தாக்களில் அதுவும் ஒன்று.

அதே கல்லூரியில் குறும்புகளுக்கும் ஹேக் என்றுதான் பெயர். 1982-ல் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த கால்பந்துப் போட்டியின் நடுவே, மைதானத்தில் புதைத்து வைத்திருந்த பெரிய பலூன் ஒன்று எம்ஐடி என்ற எழுத்துகளோடு ஊதிப் பெரிதாகி வெடித்தது. 1994 மே மாதம் ஒரு நாள் காலையில், கல்லூரியின் பெரிய குவிமாடத்தின் உச்சியில் ஒரு போலீஸ் கார் நின்றது! அது காரின் வெளிக்கூடு மட்டும்தான். உள்ளே ஒரு பொம்மை போலீஸ்காரர், பக்கத்தில் டோனட் டப்பா. யாருக்கும் அடிபடக் கூடாது, எதையும் உடைக்கக் கூடாது, திருடக் கூடாது என்பது இந்தக் குறும்புக்காரர்களின் எழுதப்படாத சட்டம்.

ஆனால் எல்லாரும் அப்படி இருந்ததில்லை. 1963 நவம்பரிலேயே எம்ஐடி மாணவர் பத்திரிகையில், டெலிபோன் லைன்களில் கைவரிசை காட்டிய 'ஹேக்கர்'களைப் பற்றிய செய்தி வந்தது. ஹேக்கின் கெட்ட அர்த்தமும் நல்ல அர்த்தத்தோடு கூடவே வளர்ந்திருக்கிறது.

எங்கள் ஆபீசில் ஹேக்

புரோகிராமர்கள் இன்றும் ஹேக் என்ற சொல்லை நேர் எதிரான இரண்டு அர்த்தங்களில் பயன்படுத்துகிறோம். யாருக்கும் தோன்றாத வழியில் ஒரு சிக்கலைத் தீர்த்தால், 'நல்ல ஹேக்' என்று பாராட்டுவோம். அவசரத்துக்கு ஒப்பேற்றி வைத்திருந்தால், 'இது வெறும் ஹேக், அப்புறம் ஒழுங்காகச் செய்ய வேண்டும்' என்போம். குழாய் ஒழுகும்போது பிளம்பர் வரும் வரை சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டுகிறோமே, அதுதான் இரண்டாவது வகை. பல புரோகிராம்களுக்குள் 'ஹேக்' என்று எழுதிய குறிப்புகள் இருக்கும். அடுத்து வருபவர் அந்த இடத்தில் கவனமாகக் கை வைக்கட்டும் என்பதற்கான எச்சரிக்கைப் பலகை அது.

இந்த வகை ஹேக் ஒன்றை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். பழைய புரோகிராம்கள் வருடத்தை இரண்டு இலக்கத்தில் மட்டும் சேமித்தன. 2000-ம் வருடம் நெருங்கியபோது 00 என்றால் 1900-மா, 2000-மா என்று சிக்கல் வந்தது. எல்லா புரோகிராமையும் மாற்றி எழுத நேரமில்லை. எனவே பல இடங்களில் ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். உதாரணமாக எக்ஸெல் 97-ல் 00 முதல் 29 வரை டைப் செய்தால் 2000-2029 என்றும், 30 முதல் 99 வரை டைப் செய்தால் 1930-1999 என்றும் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் எக்ஸெல்லில் 1/1/29, 1/1/30, 1/1/49, 1/1/50 என்று தனித்தனி செல்களில் டைப் செய்து, செல்லைக் கிளிக் செய்து மேலே பார்முலா பாரைப் பாருங்கள். எந்த வருடத்தில் நூற்றாண்டு மாறுகிறது என்று தெரியும். கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ், டேட் என்ற வரிசையில் போனால் இந்த எல்லைக்கோட்டை மாற்றவும் முடியும். தாத்தாவின் பிறந்த தேதியை டைப் செய்யும்போது வருடத்தை நான்கு இலக்கத்தில் போடுவது நல்லது. இல்லாவிட்டால் தாத்தா இனிமேல்தான் பிறக்கப் போகிறார் என்று எக்ஸெல் முடிவு செய்துவிடலாம்!

1983-ல் கெட்ட பெயர்

ஹேக்கர் என்றாலே திருடன் என்ற எண்ணம் மக்களிடம் பரவியதில் 1983-க்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வருடம் ஜூனில் 'வார் கேம்ஸ்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. வீட்டிலிருந்தபடியே ராணுவக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிடும் பையனின் கதை. அதே ஆண்டு, அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து இளைஞர்கள் சிலர் உண்மையிலேயே பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து பிடிபட்டார்கள். லாஸ் அலமோஸ் அணு ஆராய்ச்சிக்கூடமும் ஒரு புற்றுநோய் மருத்துவமனையும் அதில் அடக்கம். ஊரின் டெலிபோன் கோடு 414 என்பதால் அவர்கள் கும்பலுக்கும் '414' என்றே பெயர். அவர்களில் ஒருவர் படம் 'நியூஸ்வீக்' அட்டையிலேயே வந்தது.

1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட ஒரு புரோகிராம் இண்டர்நெட்டில் தானாகவே பரவி, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் திணறடித்தது. கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. பிற்காலத்தில் அவரே எம்ஐடியில் பேராசிரியர் ஆனார்!

இதனால் வருத்தப்பட்ட பழைய ஹேக்கர்கள், அத்துமீறி நுழைபவனை 'கிராக்கர்' என்று கூப்பிடுங்கள், எங்கள் பெயரைக் கெடுக்காதீர்கள் என்றார்கள். 1993-ல் வெளிவந்த இண்டர்நெட் சொல் விளக்கத் தொகுப்பு ஒன்றும் இப்படித்தான் பிரித்துச் சொன்னது. ஆனால் அது மக்களிடம் எடுபடவில்லை. காசு கொடுக்காமல் சாப்ட்வேரை ஓட வைக்கும் குறுக்கு வழிக்குத்தான் 'கிராக்' என்ற பெயர் நிலைத்தது. நம் ஊரில் 'அவன் ஒரு கிராக்கு' என்றால் அது தனிக் கதை!

பழைய கௌபாய் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பியும் கெட்டவன் கறுப்புத் தொப்பியும் போட்டிருப்பான். அதிலிருந்து 'ஒயிட் ஹேட்', 'பிளாக் ஹேட்' ஹேக்கர்கள் என்ற பிரிவு வந்தது. இருவர் கையிலும் இருப்பது ஒரே வித்தைதான். சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பூட்டைச் சோதிப்பவர் ஒயிட் ஹேட். கேட்காமல் திறந்து சுருட்டுபவர் பிளாக் ஹேட்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2000-ம் ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவுக்கு 'ஹேக்கிங்' என்றே தலைப்பு இருந்தது. பிறருக்கு நஷ்டம் ஏற்படும் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் உள்ள தகவலை அழிப்பது, மாற்றுவது, கெடுப்பது ஆகியவற்றை ஹேக்கிங் என்றது சட்டம். 2008-ல் இதைத் திருத்தினார்கள். திருத்தம் 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்தது. இப்போது அந்தப் பிரிவில் ஹேக்கிங் என்ற சொல்லே கிடையாது! 'கம்ப்யூட்டர் தொடர்பான குற்றங்கள்' என்று தலைப்பு மாறிவிட்டது. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல், மோசடி எண்ணத்தோடு செய்தாரா என்பதுதான் இப்போது கேள்வி. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் அதற்குத் தனியாக 66சி என்ற பிரிவும் இருக்கிறது.

'எதிக்கல் ஹேக்கிங்' கோர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். கற்ற வித்தையைப் பக்கத்து வீட்டு வைஃபையில் விளையாட்டுக்குக்கூடக் காட்டக் கூடாது.

பரிசு தரும் ஹேக்

நல்ல அர்த்தமும் செத்துவிடவில்லை. ஹேக்கையும் மாரத்தானையும் சேர்த்து 1999-ல் 'ஹேக்கத்தான்' பிறந்தது. குழுவாக உட்கார்ந்து ஓரிரு நாளில் ஒரு சாப்ட்வேரையோ கருவியையோ செய்து காட்டும் போட்டி இது. மத்திய அரசே 2017 முதல் கல்லூரி மாணவர்களுக்கு 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' நடத்துகிறது. 2004-ல் டேனி ஓ'பிரையன் என்ற எழுத்தாளர், புரோகிராமர்கள் தங்கள் அன்றாட வேலையைச் சுருக்கிக்கொள்ளும் வழிகளுக்கு 'லைஃப் ஹேக்' என்று பெயர் வைத்தார். பூண்டு உரிக்கும் வீடியோவுக்கு 'கிச்சன் ஹேக்' என்ற பெயர் வந்தது இந்த வழியில்தான்.

பூட்டில் உள்ள குறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்கே சொல்பவருக்குப் பரிசு கொடுக்கும் 'பக் பவுண்டி' திட்டமும் இருக்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-லேயே இதைச் செய்தது. 2019-ல் சென்னையைச் சேர்ந்த ஒருவர், இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மாற்றும் முறையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லி 30,000 டாலர் பரிசு வாங்கினார்.

'உங்க அக்கவுண்ட் ஹேக் ஆயிடுச்சு!'

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு ரிடையர்ட் தலைமை ஆசிரியர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, என் அக்கவுண்டை ஹேக் பண்ணிட்டாங்கப்பா. என் பேர்ல எல்லார்கிட்டயும் பத்தாயிரம் கேக்குறானாம். நாலு தடவை பாஸ்வேர்ட் மாத்திட்டேன், இன்னும் கேட்டுட்டே இருக்கான்!"

"சார், அந்த மெசேஜ் உங்க அக்கவுண்ட்ல இருந்துதான் போயிருக்கா?"

பார்த்தால், அவர் அக்கவுண்டை யாரும் தொடவே இல்லை. அவருடைய போட்டோவையும் பெயரையும் எடுத்து வேறொருவன் புதிதாக ஒரு அக்கவுண்ட் திறந்திருக்கிறான். பாஸ்வேர்டை நானூறு தடவை மாற்றினாலும் அது நிற்காது!

பேச்சில் 'ஹேக் ஆயிடுச்சு' என்று நாம் சொல்வதில் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு.

1. போலி அக்கவுண்ட்: உங்கள் பெயரில் இன்னொருவர் புதிதாகத் திறந்தது. அந்தப் போலிப் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து 'ரிப்போர்ட்' கொடுங்கள். நண்பர்களையும் ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள். பணம் அனுப்ப வேண்டாம் என்று அவர்களுக்குப் போனில் சொல்லிவிடுங்கள். உங்கள் நண்பர்கள் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மறைத்து வையுங்கள்.

2. போலி அனுப்புநர்: உங்கள் மெயில் முகவரியிலிருந்தே உங்களுக்கு மெயில் வரும். தபால் கவரின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? மெயிலிலும் அப்படிச் செய்ய முடியும். 'உன் கம்ப்யூட்டரை ஹேக் செய்துவிட்டேன், கேமராவில் படம் எடுத்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு' என்று மிரட்டும் மெயில்கள் பெரும்பாலும் இந்த ரகம். சிலவற்றில் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கூடச் சொல்லியிருப்பார்கள். அது எப்போதோ ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து கசிந்ததாக இருக்கும். பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் உடனே மாற்றுங்கள்.

3. உண்மையாகவே உள்ளே நுழைந்தது: நீங்கள் அனுப்பாத மெயில் 'சென்ட்' பகுதியில் இருக்கிறது, பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை, தெரியாத ஊரிலிருந்து லாகின் ஆனதாகத் தகவல் வருகிறது என்றால் இதுவாக இருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள். 'எல்லா சாதனங்களிலிருந்தும் லாக் அவுட்' கொடுங்கள். உங்கள் மொபைல் எண்ணையோ மாற்று மெயில் முகவரியையோ திருடன் மாற்றி வைத்திருக்கிறானா என்று பாருங்கள். கடைசியாக 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போடுங்கள். வாட்ஸ்அப் என்றால் உங்கள் எண்ணை மறுபடியும் பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தாலே திருடன் வெளியேறிவிடுவான். அந்த ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்பவர் உங்கள் நெருங்கிய நண்பர் பெயரில் வந்தாலும் சொல்ல வேண்டாம்.

திரையில் வரும் பூச்சாண்டி

பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, 'உங்கள் கம்ப்யூட்டர் ஹேக் செய்யப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்' என்று அலாரச் சத்தத்தோடு வரும். இதில் பெரும்பாலும் எந்த ஹேக்கும் இல்லை. அது வெறும் ஒரு வெப்பக்கம். நீங்கள் போன் செய்தால்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. 'சரி செய்து தருகிறேன்' என்று சொல்லி, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் சாப்ட்வேரை உங்களையே போட வைப்பார்கள். திருடனைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கொடுத்த கதைதான். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே சொல்கிறது.

இப்படி வந்தால் எஸ்கேப் கீயைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள். அப்படியும் மூடாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை 'ரீஸ்டோர்' செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதேபோல் 'வாட்ஸ்அப் ஹேக்', 'வைஃபை ஹேக்', 'கேம் ஹேக்' என்று இலவசமாக டவுன்லோடு செய்யச் சொல்லும் புரோகிராம்கள் பக்கமே போகாதீர்கள். அடுத்தவர் பூட்டைத் திறக்க ஆசைப்பட்டு அதை இன்ஸ்டால் செய்பவரின் பூட்டைத் திறப்பதற்காகவே அவற்றில் பலவற்றைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

நினைவில் வைக்க

* செய்தித்தாளில் ஹேக்: அனுமதி இல்லாமல் நுழைவது. குற்றம்.
* கல்லூரியில் ஹேக்கத்தான்: திறமைப் போட்டி. தாராளமாக அனுப்புங்கள்.
* வீடியோவில் ஹேக்: சுலபமான குறிப்பு. முயற்சி செய்து பாருங்கள்.
* புரோகிராமர் சொல்லும் ஹேக்: கெட்டிக்கார வழி, அல்லது தற்காலிக ஒட்டு.
* நண்பர் சொல்லும் 'அக்கவுண்ட் ஹேக்': போலி அக்கவுண்டா, போலி அனுப்புநரா, உண்மையான நுழைவா என்று முதலில் பாருங்கள்.
* திரையில் போன் நம்பரோடு வரும் ஹேக்: மோசடி. பக்கத்தை மூடுங்கள்.
* பணம் போய்விட்டால்: தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

இனி யாராவது உங்களிடம் 'ஹேக்' என்று சொன்னால் பயப்படுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஹேக்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.